கோகோபீட்ல செடி வளர்க்குறீங்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை உரம் கொடுக்கணும்? முழு விளக்கம்

விதை முளைத்தது. முதல் 2 வாரம் செடி ஜோராக வந்தது. மூன்றாவது வாரம் அடி இலை மஞ்சளானது. பயந்துபோய் ஒரு கைப்பிடி உரம் போட்டதும் இலை ஓரம் கருகிவிட்டது. மாடித் தோட்டம் போடும் பல வீடுகளில் நடக்கும் கதை இதுதான். மண்ணில் 20 வருடம் கத்தரி, தக்காளி வளர்த்த அனுபவசாலிகளே கோகோபீட்டில் தடுமாறுகிறார்கள்.

திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம் என்று இந்தப் பக்கம் வீடுகள் பெருகப் பெருக, மொட்டை மாடியில் காய்கறி போடுவோரும் கூடியிருக்கிறார்கள். மாடியில் மண்ணை ஏற்றினால் எடை அதிகம் என்பதால் பெரும்பாலோர் கையில் எடுப்பது தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட். ஆனால் அதில் எப்போது, எவ்வளவு உரம் கொடுக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். மண் செடிக்குச் சொல்லும் "15 நாளைக்கு ஒரு தடவை" என்ற கணக்கு இங்கே ஏன் வேலை செய்யாது? கடலோரத்து உப்புத் தண்ணீர் இதில் என்ன சிக்கலைக் கொண்டுவருகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கோகோபீட் என்றால் என்ன?

தேங்காய் மட்டையிலிருந்து கயிறு திரிக்க நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பஞ்சு போன்ற தூள்தான் கோகோபீட். ஒரு காலத்தில் கயிறு ஆலைகளுக்குப் பக்கத்தில் மலைபோல் குவிந்து கிடந்து, யாருக்கும் வேண்டாத கழிவாக இருந்தது. இன்று பொள்ளாச்சி உள்ளிட்ட பகுதிகளிலிருந்து கட்டி கட்டியாக அழுத்தி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. இலங்கையும் இதில் பெரிய ஏற்றுமதி நாடு.

தமிழக வீடுகளுக்கு இது பரவலாக அறிமுகமானதில் தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டக் கிட்டுக்கும் பங்கு உண்டு. 2021ல் 900 ரூபாய் மதிப்புள்ள கிட் மானியத்தில் 225 ரூபாய்க்கு வழங்கப்பட்டது. அதில் 2 கிலோ தென்னை நார்க்கழிவு கட்டிகள் 6, வளர்ப்புப் பைகள் 6, 6 வகை காய்கறி விதைகள், உயிர் உரம், வேப்ப எண்ணெய், கையேடு ஆகியவை இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டில் வரும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்கள் செடிக்குத் துணைதான். அதுவே முழுச் சாப்பாடு ஆகாது.

மண்ணுக்கும் கோகோபீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

மண் என்பது அரிசி, பருப்பு நிரப்பிய வீடு மாதிரி. நீங்கள் ஒரு வாரம் எதுவும் வாங்கவில்லை என்றாலும் உள்ளே இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். களிமண், மக்கு, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து சத்தைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும்.

கோகோபீட் என்பது பாத்திரம் மட்டும் இருக்கும் வீடு. தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், காற்றும் உள்ளே இருக்கும். ஆனால் செடிக்குத் தேவையான தழை, மணி, சுண்ணாம்புச் சத்துகள் அதில் கிட்டத்தட்ட இல்லை. கொஞ்சம் சாம்பல் சத்து மட்டும் இயற்கையாகவே இருக்கும். அதனால் செடி சாப்பிடுவது எல்லாம் நீங்கள் தண்ணீரோடு கலந்து கொடுப்பதைத்தான். கொடுக்காத நாளில் செடி பட்டினி.

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்காத நார்க்கழிவில் கரிச்சத்து மிக அதிகம். தழைச்சத்து 1 பங்கு என்றால் கரிச்சத்து 100 பங்குக்கும் மேல் இருக்கும். அதை மக்க வைக்க வேலை செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை நீங்கள் போடும் உரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் இலை மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ எத்தனை நாளைக்கு ஒருமுறை உரம்?

முழுக்க கோகோபீட்டில் மட்டும் செடி இருந்தால் பதில் ஒரே வரிதான்: தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், ஆனால் ரொம்ப லேசாக.

வாரத்துக்கு ஒருமுறை கெட்டியாகக் கொடுப்பதைவிட தினமும் தண்ணியாகக் கொடுப்பதே சரி. பசுமைக்குடில்களில் கோகோபீட்டில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி வளர்ப்பவர்கள் சொட்டுநீர்க் குழாய் வழியாக ஒரு நாளில் பலமுறை உரக்கரைசல் விடுவது இதனால்தான். வீட்டு மாடியில் அந்த அளவுக்குத் தேவையில்லை. கையால் ஊற்றுபவர்கள் பின்பற்றக்கூடிய கணக்கு இது.

நாற்றுப் பருவம்: விதையிலை மட்டும் இருக்கும்போது உரம் வேண்டாம். உண்மையான இலை 2 வந்த பிறகு தொடங்கலாம். வழக்கமான அளவில் கால் பங்கு முதல் பாதி வரை போதும். சின்னச் செடி பெரிய பையில் இருந்தால் வேர் இன்னும் பரவியிருக்காது. பை முழுக்க நனைக்காமல் செடியைச் சுற்றி மட்டும் ஊற்ற வேண்டும்.

வளர்ச்சிப் பருவம்: நடவு செய்து வேர் பிடித்ததும் தினமும் ஒருமுறை, காலையில்.

பூ, காய்ப் பருவம்: தினமும் ஒருமுறை முதல் 2 முறை. நன்றாக வளர்ந்த தக்காளிச் செடி வெயில் நாளில் 1 முதல் 2 லிட்டர் வரை குடிக்கும்.

கத்திரி வெயிலில்: 2 அல்லது 3 முறை ஊற்ற வேண்டி வரலாம். அப்போது உரத்தின் கெட்டியைக் குறைக்க வேண்டும். வெயிலில் செடிக்கு உரத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம் தேவை.

வடகிழக்குப் பருவமழையில்: அடைமழை பையில் உள்ள சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடும். மழை விட்ட மறுநாள் மறக்காமல் உரக்கரைசல் கொடுக்க வேண்டும். "மழை பெய்ததே, தண்ணி எதுக்கு" என்று விட்டுவிடும் வீடுகளில்தான் நவம்பர், டிசம்பரில் செடி வெளுத்துப்போகிறது.

அடிக்கடி ஊற்றினால் வேர் அழுகாதா?

மண்ணில் அழுகும். கோகோபீட்டில் அந்த ஆபத்து குறைவு. முழுக்க நனைந்த நிலையிலும் அதன் துளைகளில் காற்று தங்கியிருக்கும். வேருக்கு மூச்சு முட்டாது. ஆனால் 2 நிபந்தனை உண்டு. பையின் அடியில் துளைகள் திறந்திருக்க வேண்டும். வழியும் தண்ணீரிலேயே பை நின்றுகொண்டிருக்கக் கூடாது.

உண்மையான ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. கோகோபீட் காயவே கூடாது. ரசம் அடுப்பில் சுண்டினால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும், வாயில் வைக்க முடியாது. பையிலும் அதேதான் நடக்கிறது. ஈரம் பாதியாகக் குறைந்தால் உள்ளே இருக்கும் உப்பின் கெட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும், இலை ஓரம் கருகும். "உரம் அதிகமாயிடுச்சு" என்று நினைத்து உரத்தை நிறுத்துவார்கள். உண்மையில் குறைந்தது தண்ணீர்.

மேல்பரப்பு வெளிர் பழுப்பாக மாறினால் காயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சரி. பையைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்தே சொல்லிவிடும் பழக்கமும் சில நாளில் வந்துவிடும்.

வழிந்து ஓடுற அளவுக்கு ஊத்தணுமா?

ஆமாம். இதுதான் பலர் தவறவிடும் இடம். 1 லிட்டர் ஊற்றினால் 100 முதல் 200 மில்லி வரை அடியில் வழிய வேண்டும். அந்த வழிதல்தான் நேற்றைய மிச்ச உப்பை வெளியே தள்ளுகிறது. தண்ணீரை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அரை சொம்பு மட்டும் ஊற்றினால், உப்பு நாளுக்கு நாள் உள்ளேயே சேரும்.

வழியும் தண்ணீரை வீணாக்க வேண்டாம். தட்டு வைத்துப் பிடித்து, கீழே இருக்கும் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். அந்த உப்பை மண்ணும் மழையும் பார்த்துக்கொள்ளும். அதே தண்ணீரைத் திரும்ப அதே பையில் ஊற்றுவது மட்டும் கூடாது.

கடலோரத் தண்ணீரில் என்ன பிரச்சினை?

மாமல்லபுரம் முதல் கல்பாக்கம் வரை கடற்கரையை ஒட்டிய பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். உள்ளே தள்ளி இருக்கும் திருக்கழுக்குன்றத்திலும் தெருவுக்குத் தெரு தண்ணீரின் சுவை மாறலாம். அதனால் "பக்கத்து வீட்டுல இந்த அளவுதான் போட்டாங்க" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து முதலில் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அதை அளக்கும் அலகுதான் ஈசி எனப்படும் மின்கடத்துத் திறன். மீட்டரில் சுமார் 500 பிபிஎம் காட்டினால், பெரும்பாலான மீட்டர்களின் கணக்கில் அது ஈசி 1.0.

ஒரு எச்சரிக்கை. எல்லா மீட்டரும் ஒரே கணக்கில் இயங்குவதில்லை. சில மீட்டர்கள் ஈசி 1.0 என்பதை 500 என்று காட்டும், சில 700 என்று காட்டும். வெளிநாட்டு உர அட்டவணையில் போட்டிருக்கும் பிபிஎம் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். ஈசி எண்ணைப் பார்ப்பதே பாதுகாப்பு.

கோகோபீட்டில் வளரும் காய்கறிகளுக்குத் தண்ணீரும் உரமும் சேர்ந்த கரைசலின் ஈசி பொதுவாக இப்படி இருக்கலாம். நாற்றுக்கு 0.6 முதல் 1.0. வளர்ச்சிப் பருவத்தில் 1.2 முதல் 1.8. தக்காளி, கத்தரி, மிளகாய் காய்க்கும்போது 1.8 முதல் 2.5. கீரைக்கு 1.2 முதல் 1.6 வரை போதும்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். போர்வெல் தண்ணீரே ஈசி 1.5 இருந்தால், உரம் போடுவதற்கு இடமே இல்லை. செடிக்குத் தேவையில்லாத சோடியமும் குளோரைடும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அதற்கு மேல் உரம் போட்டால் கருகும், போடாவிட்டால் வெளுக்கும். இப்படிப்பட்ட வீடுகளுக்கு மழைநீர்தான் வழி. மாடியில் விழும் மழையை டிரம்மில் பிடித்து, போர்வெல் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே உப்பின் கெட்டி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஏசி மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு, கலக்கப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீர் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது.

கட்டியை வாங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

மட்டைகளைக் கடலோர உப்பங்கழிகளில் ஊறவைத்துப் பிரிக்கும் வழக்கம் உண்டு. தென்னையிலும் இயற்கையாகவே சோடியம், பொட்டாசியம் அதிகம். அதனால் கழுவாத கோகோபீட்டில் உப்பு நிறைய இருக்கும். கட்டியை ஊறவைத்து, உதிர்த்து, 2 அல்லது 3 முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். கடைசியாக வழியும் தண்ணீரின் உப்பு அளவு, நீங்கள் ஊற்றிய தண்ணீரின் உப்பு அளவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

ஆனால் தண்ணீரில் அலசினால் மட்டும் வேலை முடியாது. கோகோபீட்டின் ஒவ்வொரு துகளிலும் பஸ் சீட் மாதிரி இடங்கள் உண்டு. அந்த சீட்டில் எல்லாம் பொட்டாசியமும் சோடியமும் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கால்சியம், மெக்னீசியம் கொடுத்ததும் அவை அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், எழுந்திருக்காது. எழுந்து இறங்கிய சோடியம் தண்ணீரில் சேரும். செடிக்கு கால்சியமும் கிடைக்காது, உப்பும் ஏறும்.

இதற்கு முன்கூட்டியே சீட்டை நிரப்பிவிடுவதுதான் வழி. 5 கிலோ கட்டிக்குச் சுமார் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். கிட்டில் வரும் 2 கிலோ கட்டி என்றால் சுமார் 40 கிராம். ஒருமுறை செய்தால் போதும்.

என்ன உரம், எவ்வளவு?

உரக்கடைகளில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் உரங்களே போதும். 10 லிட்டர் பக்கெட்டுக்குக் கணக்கு:

வளர்ச்சிப் பருவம்: 19:19:19 உரம் 6 கிராம், கால்சியம் நைட்ரேட் 5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 3 கிராம்.

பூ, காய்ப் பருவம்: 19:19:19 உரம் 5 கிராம், 13:00:45 எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 5 கிராம், கால்சியம் நைட்ரேட் 6 கிராம், மெக்னீசியம் சல்பேட் 4 கிராம்.

நுண்ணூட்டக் கலவையை பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் வாரம் ஒருமுறை சேர்க்கலாம்.

இது உப்பு குறைந்த தண்ணீருக்கான கணக்கு. தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருந்தால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கை அளவில் போடாதீர்கள். நகைக் கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. கிராம் கணக்கில்தான் செடியின் உயிர் இருக்கிறது.

கலக்கும் முறையும் முக்கியம். கால்சியம் நைட்ரேட்டை மற்ற உரங்களோடு கெட்டியாகக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். அப்படித் தங்கியது செடிக்கு உதவாது. மற்ற உரங்களை முழு பக்கெட் தண்ணீரில் கரைத்துவிட்டு, கால்சியம் நைட்ரேட்டைத் தனியாக ஒரு சொம்பில் கரைத்து, கடைசியாக ஊற்றிக் கலக்க வேண்டும்.

19:19:19 மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு "எல்லாச் சத்தும் இதுலயே இருக்கு" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதில் கால்சியம் இல்லை. கோகோபீட் தக்காளியில் காயின் அடிப்பக்கம் கருப்பாகக் குழிவிழுந்து போவதற்கு கால்சியம் பற்றாக்குறையும், தண்ணீர் ஒரு நாள் நிறைய ஒரு நாள் குறைவாகப் போவதும்தான் பெரும்பாலும் காரணம்.

இயற்கை உரம் மட்டும் போட்டா வருமா?

வரும். ஆனால் வெறும் கோகோபீட்டில் கஷ்டம். மண்புழு உரம், கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் போன்றவற்றில் இருக்கும் சத்தை நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் வேர் எடுக்க முடியும். புதுக் கோகோபீட்டில் அந்த நுண்ணுயிர்கள் குறைவு.

இயற்கை முறையில் போக நினைப்பவர்களும், தினமும் உரம் கலக்க நேரமில்லாதவர்களும் கலவையை மாற்றிக்கொள்வது நல்லது. எதில் நட்டிருக்கிறீர்களோ அதற்கேற்ப இடைவெளி மாறும்.

வெறும் கோகோபீட்: ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் லேசான உரக்கரைசல்.

பாதி கோகோபீட், பாதி மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம்: முதல் 3 வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வாரம் ஒருமுறை கரைசல் உரம்.

மண், கோகோபீட், மக்கிய உரம் சம பங்கு: 10 முதல் 15 நாளைக்கு ஒருமுறை. பெரியவர்கள் சொல்லும் 15 நாள் கணக்கு பொருந்துவது இந்தக் கலவைக்குத்தான்.

3 சதவீத பஞ்சகவ்யா, அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, இலை மீது தெளிப்பது எல்லாக் கலவைக்கும் கூடுதல் துணையாக இருக்கும். ஆனால் வெறும் கோகோபீட்டில் வேருக்குக் கொடுக்கும் உரத்துக்கு அது மாற்று கிடையாது.

இணையத்துல இருக்கிற அட்டவணையை நம்பலாமா?

கோகோவில் எத்தனை முறை உரம் கொடுக்க வேண்டும் என்று தேடினால் வாரக் கணக்கில் வண்ண வண்ண அட்டவணைகள் கொட்டும். அவற்றில் கணிசமானவை தக்காளிக்கோ மிளகாய்க்கோ எழுதப்பட்டவை அல்ல. கஞ்சா வளர்ப்பு சட்டபூர்வமாக்கப்பட்ட நாடுகளில் அந்தச் செடிக்காக எழுதப்பட்டவை. உதாரணமாக கனடாவில் 2018 அக்டோபரில் அது சட்டபூர்வமானது. அங்கே வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் பலரும் கோகோபீட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி கஞ்சா செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். மாடியில் ஒரு தொட்டிதானே என்ற விலக்கு எதுவும் சட்டத்தில் கிடையாது.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த அட்டவணைகள் நம் காய்கறிக்குப் பொருந்தாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. அவை பெரும்பாலும் குளிரூட்டிய அறை, செயற்கை விளக்கு, உப்பு நீக்கிய தண்ணீர் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மே மாத வெயிலில் கொதிக்கும் கான்கிரீட் தளத்தில், போர்வெல் தண்ணீரில், அதே கெட்டியில் கொடுத்தால் மிளகாய்ச் செடி தாங்காது. "கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, வழிய விட்டு" என்ற அடிப்படை மட்டும்தான் எல்லா ஊருக்கும் பொது. எண்கள் ஊருக்கு ஊர் மாறும்.

செடி என்ன சொல்லுது? இலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

அடி இலைகள் முழுக்க வெளிர் மஞ்சள்: தழைச்சத்து போதவில்லை. பெரும்பாலும் உரம் கொடுக்கும் இடைவெளி அதிகம்.

அடி இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள்: மெக்னீசியம் குறைவு.

நுனியில் வரும் புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை. தண்ணீரின் பிஹெச் அதிகமாக இருக்கலாம். கோகோபீட்டுக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது.

இலை ஓரமும் நுனியும் காய்ந்து கருகுதல்: உப்பு சேர்ந்துவிட்டது.

தக்காளி அடியில் கருப்பு: கால்சியம், சீரற்ற தண்ணீர்.

உப்பு சேர்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால், அடியில் வழியும் தண்ணீரை ஒரு கப்பில் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றியதைவிட வழிவதன் ஈசி 1.0க்கு மேல் அதிகமாக இருந்தால், பையின் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசிய உடனே லேசான உரக்கரைசல் கொடுத்துவிட வேண்டும். அலசிவிட்டு அப்படியே விட்டால், செடிக்கு வெறும் பாத்திரம்தான் மிஞ்சும். உப்புத் தண்ணீர் உள்ள பகுதிகளில் 10 நாளைக்கு ஒருமுறை இப்படிச் செய்வது நல்லது.

ஊருக்குப் போனா என்ன செய்றது?

பொங்கலுக்கு 3 நாள் ஊருக்குப் போய் வந்தால் கோகோபீட் செடி வாடிக் கிடக்கும் என்பது உண்மைதான். கிளம்பும் முன் வழிய வழியத் தண்ணீர் விட்டு, பைகளை நிழலுக்கு நகர்த்தி, மேலே காய்ந்த இலை அல்லது தேங்காய் நார் பரப்பிவிட்டால் ஓரளவு தாங்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதாக இருந்தால், உரம் கலக்கச் சொல்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். 3 நாள் பட்டினியைச் செடி பொறுத்துக்கொள்ளும். ஒரு நாள் கெட்டியான உரத்தைப் பொறுக்காது.

உரங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட் ஈரக்காற்று பட்டாலே கசிந்து தண்ணீராகிவிடும். கடற்காற்று வீசும் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

யாரிடம் கேட்கலாம்?

வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மாடித் தோட்டக் கிட்டின் இப்போதைய விலை, கையிருப்பு, மானிய விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. உழவன் செயலியிலும் தோட்டக்கலைத் திட்டங்களின் விவரம் உண்டு. கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

கோகோபீட்டில் உரத்துக்குத் தனி நாள் கிடையாது. தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு நாளும் உர நாள்தான்.

லேசாகக் கொடுங்க, அடிக்கடி கொடுங்க, கொஞ்சம் வழிய விடுங்க.

உரம் வாங்கும் முன் உங்கள் தண்ணீரை அளந்து பாருங்க. உப்பாக இருந்தால் மழைநீரைக் கலந்துகொள்ளுங்க.

தினமும் உரம் கலக்க முடியாது என்றால், கோகோபீட்டோடு மண்ணையும் மக்கிய உரத்தையும் சம பங்கு கலந்து நடுங்க. அப்போது 15 நாள் கணக்கு மறுபடியும் உங்கள் வீட்டு மாடியில் வேலை செய்யும்.